அரை செகண்டு முன்னால்

"போடலாமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லுண்ணா!" என்றாள் வினிதா.

கம்ப்யூட்டர் மெக்கானிக் வல்லரசு கழற்றிய மூடியைத் தரையில் வைத்துவிட்டுப் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். உள்ளே இருந்தது நாலு ஜிபி ரேம் ஒன்று. கூடவே இரண்டு பல்லி முட்டை. அவன் பையில் கொண்டுவந்திருந்த ரேமோ பதினாறு ஜிபி.

"நாலு ஜிபில காரு ரேஸ் ஆடுறியா? இதுல மாட்டுவண்டி ரேஸ்தான் ஆட முடியும்."

"அதாண்ணா பேஜாரு. கீயை அமுக்கினா அரை செகண்டு கழிச்சுதான் வண்டி திரும்புது. ஞாயித்துக்கெழம ஆன்லைன்ல பைனலு. எதிர்ல ஓட்டப் போறவன் எவனோ தெரியல, பேய் மாரி ஓட்றான். கெலிச்சா ஆறு மாசம் நெஜ ரேஸ் காரு ஓட்டக் கத்துக் குடுப்பாங்கண்ணா. நெஜ காரு!"

வல்லரசு டார்ச்சை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"காராம் காரு!" காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா புஷ்பவல்லி குறுக்கே புகுந்தாள். "மணலி கம்பெனில கேட் பாஸ் எழுதிக்கினு கீறா. இன்னும் சைக்கிள ஒழுங்கா திருப்பத் தெரியாது. நீ வேணாம்னு சொல்லு நைனா, அடங்குவா."

"விக்க வந்தவன் வாயில வேணாம்னு வருமாம்மா?" வல்லரசு சிரித்தான். "எங்க, ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டு. எவ்ளோ இழுக்குதுனு பாக்கறேன்."

வினிதா கீபோர்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பந்தயம் தொடங்கியது. திரையில் சாலை நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவள் இடது பக்கம் அமுக்கினாள்.

"இன்னா பண்ற? ரோடு நேராத்தானே கீது!" என்று கத்தினான் வல்லரசு.

அவன் வாயை மூடுவதற்குள் வளைவு வந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு திரும்பியது.

அதன் பிறகு அவன் திரையைப் பார்க்கவில்லை, அவள் விரல்களையே பார்த்தான். முதலில் அவள் பிரேக் பிடிக்கிறாள், அப்புறம்தான் முன்னால் ஒரு கார் குறுக்கே வருகிறது. முதலில் வலது பக்கம் ஒடிக்கிறாள், அப்புறம்தான் வளைவே கண்ணில் படுகிறது. திரையில் தெரிவதெல்லாம் அவளுக்கு முடிந்துபோன கதை. இனிமேல் வரப்போகிற சாலையில் அவள் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தாள்.

வல்லரசுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவனும் ஆடாதவன் இல்லை. பத்து வருஷத்தில் எத்தனையோ கில்லாடிகளைப் பார்த்திருக்கிறான். இப்படி ஒரு கையைப் பார்த்ததே இல்லை. எழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது.

"எப்டிம்மா? வர்றதுக்கு முன்னாடியே எப்டித் தெரியுது?"

"தெரியலண்ணா. ரெண்டு வருசமா இதே மிஷினு. தானா கை முன்னாடியே போய்டுது. அத்த வுடு, ரேமு போடலாமா?"

வல்லரசு புது ரேமைக் கவரிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் மாட்டும் இடம் வரை கொண்டுபோனான். பிறகு ரேமைக் கவருக்குள் போட்டான்.

"வேணாம்."

"இன்னாண்ணா!"

"இத்தப் போட்டா வண்டி உடனே திரும்பும். உன் கை மட்டும் பழையபடி முன்னாடியே போகும். மொதல் வளைவுலயே செவுத்துல முட்டுவ. கை மாற ஒரு மாசமாவது ஆவும். பைனலுக்கு மூணு நாள்தான் கீது. இதே டப்பாவுல ஓட்டு. கெலிச்சுட்டு வா, அப்பால நானே வந்து மாட்டித் தர்றேன்."

வினிதா தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவற்றில் இப்படி ஒரு விஷயம் இருப்பது அவளுக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

"உலகத்துல இல்லாத அதிசயமாக் கீதே! விக்க வந்தவனே வேணாங்கறான்!" புஷ்பவல்லி வாயில் கை வைத்தாள். "உக்காரு நைனா. சங்கரா மீன் கொழம்பு கீது, ஒரு வாய் துன்னுட்டுப் போ."

"இன்னொரு நாள் வர்றேம்மா."

மூன்று மாடி இறங்கி வந்து பைக்கில் உட்கார்ந்தான். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசைகட்டி நின்றன. செல்போன் அடித்தது. அவனுடைய தோஸ்து ஜெரால்ட்.

"இன்னா மாமு, ஞாயித்துக்கெழம பைனலு! ஏரியாவே உன்னத்தான் நம்பிக்கினு கீது. கெலிச்சுருவ இல்ல?"

வல்லரசு ஒருமுறை மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்தான்.

"கெலிச்சிருப்பேன்டா," என்றான். "ஒரே ஒரு ரேம் மாட்டியிருந்தாப் போதும்."