வெள்ளை கிரீஸில் ஒரு ரேகை

ஆஸ்பத்திரி ஆக்சிஜன் குழாயின் பெரிய வால்வைப் பன்னிரண்டு வருடம் கழித்துக் கழற்றினாள் ஃபிட்டர் மங்களேஸ்வரி. சொட்டு எண்ணெய் பட்டாலும் அது வெடிக்கும். எரியவே தெரியாத வெள்ளை கிரீஸை மட்டும்தான் உள்ளே பூசலாம், அதுவும் கையுறை போட்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவளே பூசிய கிரீஸ் நிறம்கூட மாறவில்லை. நடுவில் ஒரு விரல்ரேகை, குறுக்கே அரிவாள்மனைத் தழும்பு. அவளுடையதேதான். அன்று தீபாவளி, எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு ஓடிவந்தவள் அவசரத்தில் கையுறை போட மறந்திருந்தாள். இந்த ரேகையை உரசிக்கொண்டுதான் இத்தனை வருடமும் மூன்று மாடிக்கும் மூச்சு போயிருக்கிறது.

"உள்ள எப்படிம்மா இருக்கு?" என்றார் சூப்பர்வைசர் முத்தழகு.

"வச்சது வச்சபடியே இருக்குண்ணே."

ரேகையைத் துடைக்க எடுத்த துணி அவள் கையிலேயே இருந்தது.