முதல் விண்ணப்பம்

“பதினோரு மணிக்கு இயக்குநர் கூப்பிடுவாருக்கா. அதுக்குள்ள ஓடிடுமா?”

“ஓடும். நீ நகத்தைக் கடிக்காம உட்காரு” என்றாள் அவள்.

தாடி உட்காரவில்லை. அந்த அறையில் அவளோடு வேலை செய்பவன். அவனுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

நிறுவனத்தின் பிரிவுகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் இணைப்பு மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தது. பழைய செட்டிங்ஸை அது தானாக எடுத்துக்கொள்ளாது. ஒவ்வொன்றாகக் கையால் மாற்ற வேண்டும். சோதனைக் கணினியில் ஓட்டிக் காட்டினால் அவள் குழுத் தலைவி. சொதப்பினால் அந்த நாற்காலிக்கு வெளியிலிருந்து ஆள் வரும்.

“எதுவும் விட்டுப்போகலையே?”

“எந்தப் பிரிவு எந்த முகவரிங்கறதுகூடப் பழசுல இருந்தபடியே இருக்கு. ஒரு எழுத்து மாறல.”

“அப்ப ஒரு லீவு விண்ணப்பம் அனுப்பிப் பார்க்கலாமா?”

“லீவெல்லாம் சம்பளப் பிரிவோட நின்னுடும். அத்தனை பேரையும் ஒரு உலுக்கு உலுக்கணும்.” தட்டத் தொடங்கினாள். “என் பேர்லயே போடறேன். அடுத்தவங்க வயித்தெரிச்சல் எதுக்கு?”

திரையை எட்டிப் பார்த்த தாடி வாயைப் பொத்திக்கொண்டான். “ஐயையோ அக்கா. கை கூசலையா?”

“சோதனைதானேடா. இந்தக் கணினிக்குள்ள இருக்கற பொம்மைப் பிரிவுங்கதானே படிக்கப்போகுது.”

அனுப்பினாள். இருவரும் திரைப் பக்கம் குனிந்தார்கள்.

“சம்பளப் பிரிவு வாங்கிடுச்சு.” தாடியின் குரல் ஏறியது. “காப்பீடு வாங்கிடுச்சு. பாதுகாப்பு... அதுவும் வாங்கிடுச்சுக்கா. எல்லாம் பச்சை. தலைவரே, கையைக் குடுங்க.”

“இப்பவே ஐஸ் வைக்காதே” என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

போன் அடித்தது. இயக்குநர் முன்கட்டடத்துக்கு வரச் சொன்னார். அவள் நடையும் ஓட்டமுமாகப் போய், வாசல் கதவில் அடையாள அட்டையை வைத்தாள்.

சிவப்பு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்பு.

“இந்தக் கதவு என்னன்னு பாருங்கண்ணே. மேல கூப்பிடறாங்க.”

காவலாளி தன் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“கதவு சரியாத்தாம்மா இருக்கு” என்றார். “நல்லாத்தானே இருந்தீங்க, எதுக்கும்மா திடீர்னு ராஜினாமா பண்ணுனீங்க?”