இலையில் இடம் கிடைக்காத வரி

வயல் வரப்புக்குள் ஓர் எலிக் கூட்டம் இருந்தது. மழைத் தண்ணீர் எந்த வளை வழியாக உள்ளே நுழையும் என்று அதில் ஒரு சுண்டெலி வருஷக்கணக்கில் ஆராய்ந்தது. ஈர மண்ணில் படுத்துக் கிடந்து, பாதி ரோமம் உதிர்ந்த பிறகுதான் விடை கிடைத்தது. எழுதிய இலைகள் குவியலாகச் சேர்ந்துவிட்டன.

"குவியலை எவன் படிப்பான்? பட்டம் கொடுக்கும் சபைக்கு ஒரே ஒரு பூவரச இலையில் சுருக்கம் வேண்டும்," என்றது ஆய்வு வழிகாட்டியான பெருச்சாளி.

சுண்டெலி உடனே எழுதிக் கொடுத்தது: 'தண்ணீர் வடக்கு வளை வழியாக வரும். அங்கே யாரும் தங்கக் கூடாது.'

பெருச்சாளி மூஞ்சியைச் சுளித்தது. "எடுத்த எடுப்பிலேயே முடிவைப் போட்டு உடைப்பாயா? முதலில் மழையின் சிறப்பைச் சொல். முந்தி ஆராய்ந்தவர்களுக்கு ஒரு வணக்கம் போடு. உன் ஆய்வு முறையை விளக்கு. முடிவெல்லாம் கடைசியில்தான்."

சுண்டெலி அழித்து அழித்து எழுதியது. முறையை விளக்கி முடிப்பதற்குள் இலை தீர்ந்துவிட்டது.

"ஐயா, வடக்கு வளையைப் பற்றி எழுத இடமில்லையே?"

"அதுதான் குவியலுக்குள் இருக்கிறதே, விடு."

சுருக்கத்தைப் படித்த சபைக்கு ஏக மகிழ்ச்சி. பட்டம் கொடுத்த கையோடு, குட்டிகளையெல்லாம் காற்றோட்டமான வடக்கு வளைக்கு மாற்றவும் முடிவெடுத்தது.

"ஐயோ, அங்கேதான் தண்ணீர் வரும்!" என்று கத்தியது சுண்டெலி.

சபைத் தலைவர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படி ஒன்றும் இல்லையே அம்மா. சொல்ல வேண்டியதை இதில்தானே சொல்லியிருக்க வேண்டும்?"

சுண்டெலி பெருச்சாளியைப் பார்த்தது. பெருச்சாளி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. குட்டிகள் இருந்த வடக்கு வளை வழியாகத்தான் தண்ணீர் வந்தது. ஆய்வில் துளிப் பிழையும் இல்லை.