சர்க்கரைப் பாகு

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடி காதுக்கு மேலே. கொசுமருந்து அடிப்பவர் அரிசி மூட்டைமேல் சரிந்து, அங்கிருந்து தரைக்கு உருண்டார்.

அடித்தவன் டயர்க்கடைக்காரன், அவருடைய மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். ஒரு வார்த்தை பேசாமல், கல்லில் துணி துவைக்கிற மாதிரி உருட்டுக்கட்டையை ஓங்கி ஓங்கி இறக்கினான். முகத்தை மறைத்த கையில் ஓர் அடி, விலாவில் ஓர் அடி, மறுபடியும் மண்டையில். நெற்றியிலிருந்து வழிந்த சிவப்பு, சட்டைக் காலரை நனைத்தது.

சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துப் புரண்டுகொண்டிருந்தார்கள். ஒரு பெண் பக்கத்து வீட்டுக்காரியின் தலைமயிரைப் பிடித்து, வெகுநாள் கணக்கைத் தீர்ப்பவள் போல உலுக்கினாள்.

"நிஜமாவே அடிக்கிறான், யாராவது புடிங்க" என்று கொசுமருந்துக்காரர் அலறினார்.

ஒருவரும் பிடிக்கவில்லை. கை தட்டினார்கள்.

தட்டாமல் என்ன செய்வார்கள்? ஆஸ்பத்திரி மைதானத்தில் நடந்தது ஒத்திகையாயிற்றே. போன மழைக்கு வெள்ள நிவாரண அரிசி வாங்கும் வரிசையில் அடிதடியாகி, வந்து குவிந்த கூட்டத்தைப் பார்த்து ஆஸ்பத்திரியே திணறிப்போனது. அதனால் இந்த வருஷம் மழை பிடிக்கும் முன்பே அதே கூத்தை ஒருமுறை நடத்திப் பார்த்துவிடுவது என்று சின்ன டாக்டர் கிளம்பிவிட்டார். ஊர்க்காரர்களே நடிகர்கள். கட்டைகள் எல்லாம் பஞ்சு சுற்றிய அட்டைக் குழாய்கள். ரத்தம் என்பது சர்க்கரைப் பாகில் கரைத்த சிவப்புச் சாயம்.

தலைமை ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய டாக்டர் வேறு வந்து உட்கார்ந்திருந்தார். போன தடவை தீ விபத்து ஒத்திகையில் செத்துக் கிடந்தவன் சிரித்துத் தொலைத்துவிட்டான். இந்தத் தடவை மானம் போகக்கூடாது, 'வலிக்குது', 'நிஜமாவே அடிக்கிறான்' என்று உயிர் போகிற மாதிரி கத்த வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சின்ன டாக்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அதைவிட அதிசயம், மச்சான்கள் இருவரும் ஒரே இடத்தில் நின்றது. டயர்க்கடை வாசலில் கிடந்த பழைய டயர்களில் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடுகிறது என்று, இரண்டு மழைக்கு முன்னால் அத்தனையையும் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனவர் கொசுமருந்துக்காரர். கடைக்கும் சீல் வைத்துவிட்டார்கள், வியாபாரம் படுத்தது படுத்ததுதான். அன்றிலிருந்து ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் அவர் மனைவி. இதே ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

நேற்று அண்ணனே தேடி வந்து, அடிக்கிற வேஷத்தை எனக்கே கொடு, உன் வீட்டுக்காரரோடேயே நடிக்கிறேன் என்றதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பிலாவது ஒன்றாக நிற்கட்டும், மிச்சம் தானாகச் சரியாகும் என்று புருஷன் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அந்த மனுஷனும் அவளுக்காகத்தான் தலையாட்டினார். காலையில் தெருத்தெருவாகக் கொசுப்புகை போட்டுவிட்டு, அந்த வாடையோடு நேரே மைதானத்துக்கு ஓடிவந்திருந்தார்.

விசில் ஒலித்தது. சண்டை நின்றது. டயர்க்கடைக்காரன் கட்டையைச் சுவரோரம் சாத்திவிட்டு, குழாயடியில் நிதானமாகக் கை கழுவினான்.

ஸ்ட்ரெச்சர் வரும்வரை காயம்பட்டவர்கள் கிடந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். அங்கேதான் வந்தது வினை. சர்க்கரைப் பாகென்றால் எறும்பு சும்மா விடுமா? கால் முறிந்தவர் எழுந்து குதித்தார். தலை பிளந்தவன் இரண்டு கையாலும் பரபரவென்று சொறிந்தான். மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்க வேண்டிய அம்மாள், எறும்பின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். பெரிய டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சின்ன டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொசுமருந்துக்காரர் பக்கம் கையைக் காட்டினார்.

"அவரைப் பாத்துக் கத்துக்குங்க. ஒரு எறும்பைக்கூடத் தட்டாம கெடக்கிறாரு பாருங்க, அதுதான் நடிப்பு."

வாஸ்தவம்தான். ஒரு கை உடம்புக்கடியில் மடங்கி, வாய் லேசாகத் திறந்து, போட்டது போட்டபடி கிடந்தார். மற்றவர்கள்மேல் சாரை சாரையாக ஏறிய எறும்பு, அவர்மேல் ஒன்றுகூட இல்லை. பெரிய டாக்டரே எட்டிப் பார்த்து, போன மழையில் பார்த்த காயம் மாதிரியே தத்ரூபமாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார். சின்ன டாக்டருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

வேஷம் போடுகிற கூடாரத்தின் துணியை விலக்கிக்கொண்டு நர்ஸ் வெளியே வந்தாள். ஒரு கையில் பாகுக் கிண்ணம், ஒரு கையில் பிரஷ். காலையிலிருந்து எல்லோருக்கும் ரத்தம் பூசி அவள் விரலெல்லாம் சிவந்திருந்தது. காயத்தைப் பற்றியெல்லாம் அவள் விசாரிக்கவில்லை.

"எங்க அண்ணன் அவர்கூட ஒரு வார்த்தையாவது பேசுச்சா டாக்டர்?"

வசனத்தையே மறந்துவிட்டார், ஆனால் அடி பிரமாதம் என்றார் சின்ன டாக்டர். அதைவிடப் பிரமாதம் உங்கள் வீட்டுக்காரர் மண்டையில் நீங்கள் போட்டிருக்கும் காயம், பெரிய டாக்டரே ஏமாந்துவிட்டார் என்று வாயாரப் பாராட்டினார்.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு தரையில் கிடந்தவரைப் பார்த்தாள்.

"அவருக்கு நான் இன்னும் பூசவே இல்லையே, டாக்டர்."