பக்கத்துக் கட்டில்

அணுமின் நிலையத்தில் நியூட்ரான் அளக்கும் கருவிகளைச் சரிபார்ப்பது ஜெபராணியின் வேலை. ஒரு கருவி மௌனமாக இருந்தால், கதிர் இல்லை என்று அவள் உடனே முடிவுகட்டிவிட மாட்டாள். கதிர் உண்டென்று உறுதியாகத் தெரிந்த ஒன்றின் முன்னால் வைத்துப் பார்த்த பிறகுதான் அதை நம்புவாள்.

பிரசவ அறையில் நர்ஸ் அவள் வயிற்றின்மேல் கருவியை நகர்த்தி நகர்த்தி வைத்தாள். குழந்தையின் துடிப்பு கேட்கவில்லை.

"மிஷின் மக்கர் பண்ணுதும்மா. வேற கொண்டாரேன்," என்றாள் நர்ஸ், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"வேற வேண்டாம் சிஸ்டர். இதையே பக்கத்துக் கட்டில்ல இருக்கிற பிள்ளைக்கு வச்சுப் பாருங்க."

ஒரு கருவி கெட்டுப்போயிருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அதுவே முதல்முறை.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த சின்னப் பெண், தன்னைத்தான் சோதிக்கிறார்கள் என்று நினைத்துச் சேலையை விலக்கினாள். நர்ஸ் தயங்கித் தயங்கி வைத்தாள். வைத்த மாத்திரத்தில் படபடவென்று துடிப்புச் சத்தம் அறையை நிறைத்தது.

"நல்லா கேக்குதாக்கா?" என்று அந்தப் பெண் பூரிப்போடு கேட்டாள்.

"நல்லா கேக்குதும்மா," என்றாள் ஜெபராணி.

அதற்குள் அவளுக்கு அடுத்த வலி வந்துவிட்டது. நர்ஸ் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தணிந்த குரலில், "முக்குங்கம்மா," என்றாள்.

ஜெபராணி முக்கினாள்.