பூசணிக்காய்க்கு ஒரு வேஷம்

பேய்ப்படத்தின் இரண்டாம் பாகத்துக்கான ஷூட்டிங். மேஜைக்கடியில் ஒரு ரப்பர் அரிவாளும் ஒரு பூசணிக்காயும் பேசிக்கொண்டிருந்தன.

"முதல் பாகத்துல நாலே கொலை. பேய் வந்தா தியேட்டரே சிரிச்சுது" என்றது அரிவாள். "இதுல பத்தொன்பது. நேத்து நான் ஒருத்தர் கழுத்துல இறங்கினதும் கேமராமேனே கண்ணை மூடிக்கிட்டார்."

"பார்த்தேனே. செத்தவர் எழுந்துபோய் ரெண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டார். எனக்கும் ஒரு சாவு கிடைச்சா நல்லாயிருக்கும்."

கடைசி நாளன்று பூசணிக்காயை எடுத்துத் துளை போட்டு, உள்ளே குங்குமத்தைக் கொட்டி, மேலே கற்பூரம் ஏற்றினார்கள்.

"மேக்கப் போடுறாங்க" என்று பூரித்துப்போனது பூசணிக்காய். "செத்த பிறகு எப்போ எழுந்திருக்கணும்?"

"டைரக்டர் கட் சொன்னதும்."

படத்துக்குத் திருஷ்டி சுற்றி, தரையில் ஓங்கிப் போட்டு உடைத்தார்கள். நாலாபக்கமும் சிவப்பாகச் சிதறியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"பத்தொன்பது பேர்ல ஒருத்தர்கூட இவ்வளவு நல்லா சாகல" என்று அரிவாள் மனசாரப் பாராட்டியது.

டைரக்டர் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். அவர் வந்து கட் சொல்வார் என்று அரிவாள் காத்திருந்தது.