பத்தாவது கர்ப்பிணி

வளைகாப்பு முடிந்த கையோடு பிறந்தகத்துக்கு வந்த நறுமுகை, பேருந்தை விட்டு இறங்கியதுமே ஆலடிக்குளம் ஆரவாரம் செய்தது. கர்ப்பிணிகளின் எண்ணிக்கையைக் காட்டும் ஊர்ப்பலகையில் ஒன்பது பத்தாக மாறியது. பத்துப் பேர் இருந்தால்தான் ஊருக்குப் பிரசவ டாக்டர்.

"வந்துட்டியா, என் மகராசி!" அம்மா கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். மற்ற ஒன்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அரை மணி நேரத்தில் டாக்டர் வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. இறங்கிய டாக்டரம்மாவைப் பார்த்ததும் நறுமுகை திகைத்தாள். காலையில் புகுந்த ஊரில் அவளைப் பரிசோதித்து வழியனுப்பியவர் இவர்தான்.

கைபேசி ஒலித்தது. இரண்டாவது பிரசவம் என்பதால் புகுந்த வீட்டிலேயே தங்கிவிட்ட ஓரகத்தி.

"அடியே, நீ கிளம்பினதும் நம்ம பலகையில ஒன்பதாயிருச்சு. டாக்டரம்மா போயிட்டாங்க. எனக்கு இடுப்புவலி எடுத்துருச்சுடி!"